நோயாளன் வாய்ச்சொல்

நோய் தீர்க்கும் தொழில் நான்கு உறுப்புக்களையுடையது என்பது பண்டையோர் துணிபு. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என இந்நான்கினையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் எண்ணிய திருவள்ளுவர், நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் இந்நான்கினையே சிகிச்சையின் நான்கு பாதங்களெனக் கொண்டு, ஒவ்வொரு பாதத்துக்கும் நந்நான்கு குணங்களை வகுத்துக் கூறுகின்றது. அவற்றுள் நோயாளனுக்கு உரியனவாக அந்நூல் கொள்வன நினைவாற்றல், வைத்தியன் சொல்வழி நிற்றல், அஞ்சாமை, தன் நோயைப் பிறர் அறியுமாறு உணர்த்தல் என்பனவாம்.

இந்நான்கனுள் இரண்டாவதாகிய சொல்வழி நிற்றல் ஒன்றே இக்காலத்தில் நோயாளனுக்கு வேண்டிய குணமாகப் பேசப்படுகின்றது. குளிசையை ஒழுங்காகக் குடித்து, உப்பைக் குறைத்து, குறித்த நாளில் தவறாது வருபவனே நல்ல நோயாளன் என வீட்டாரும் கருதுவர், வைத்தியசாலையாரும் கருதுவர். ஏனைய மூன்றும் மறக்கப்பட்டன. ஆயின் நாட்பட்ட இருதய நோயைப் பொறுத்தவரையில், மறக்கப்பட்ட அம்மூன்றும் இன்றிச் சொல்வழி நிற்றல்தானும் நிறைவேறாது. வாய் திறவாமை சில வேளைகளில் உயிரையே கொள்ளும். இதனை ஓர் ஊரை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியை அடுத்து, களப்பின் அயலில் அமைந்த ஊர் தில்லையடி. தில்லை என்பது உவர்நீர்க் கரைகளில் வளரும் மரம். ஊர்ப்பெயரே நிலத்தின் இயல்பை உணர்த்தி நிற்கின்றது. மீன்பிடியும் உப்பு விளைவும் கூலித்தொழிலும் சிறுவணிகமும் இவ்வட்டாரத்து மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாக உள்ளன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். தில்லையடியும் அவர்களுக்கு இடமளித்த ஊர்களுள் ஒன்று. அன்று முப்பது வயதினராய் வந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். இருதய நோய் மிகுதியாகத் தோன்றும் பருவம் அதுவே. இவ்வூரார் நாடுவது புத்தளம் அரசினர் வைத்தியசாலையை; பெருஞ் சோதனைகளுக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குச் செல்ல நேர்வதும் உண்டு.

நாட்பட்ட இருதய நோய்களுள் மூன்று பெரும்பான்மையாகக் காணப்படுவன. இருதயத் தசைக்குக் குருதி கொணரும் நாடிகள் கொழுப்புப் படிந்து ஒடுங்குதல் ஒன்று. நடக்கும்போதும் சுமக்கும்போதும் நெஞ்சுநோவாக அது வெளிப்படும். இருதயத் தசை வலியிழந்து, உடல் வேண்டும் அளவுக்குக் குருதியைச் செலுத்த மாட்டாது தளர்தல் இரண்டாவது. இளைப்பும் கால்வீக்கமும் அதன் குறிகள். இளமையில் தொண்டை நோவைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலினால் இருதய வால்வுகள் பழுதுறுதல் மூன்றாவது. இம்மூன்றும் பெரும்பாலும் முற்றாக நீங்குவன அல்ல. மருந்தினாலும் நடையினாலும் உணவினாலும் கட்டுப்படுத்தி, வாழ்நாள் முழுவதும் உடன்கொண்டு செல்ல வேண்டியனவே. ஒரு மாதத்தில் 720 மணி நேரம் உண்டு. மாதாந்தக் கிளினிக்கில் நோயாளி வைத்தியர் முன் இருப்பது அவற்றுள் சில நிமிடங்களே. எஞ்சிய நேரத்தில் நோய்க்குக் காவலாளி நோயாளியே ஆவார். காவலாளி கண்டதைச் சொல்லாவிடின் காவலால் வரும் பயன் யாது?

இருதய நோயை வைத்திய உலகம் அறிந்துகொண்ட வரலாறே நோயாளர் வாய்ச்சொல்லில் தொடங்குகின்றது. நெஞ்சுநோவைத் தெளிவுற விவரித்தவர் இலண்டன் நகர வைத்தியராகிய வில்லியம் ஹெபர்டன் என்பவர். அவர் அதனை எடுத்துரைத்தது 1768இல். நெஞ்சொலி கேட்கும் ஸ்டெதஸ்கோப்பு தோன்றியது 1816இல். இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரைந்து காட்டும் கருவியை ஐந்தோவன் என்னும் ஒல்லாந்து அறிஞர் அமைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதன்பொருட்டு அவர் நோபல் பரிசு பெற்றது 1924இல். இவை ஒன்றும் இல்லாத காலத்தில் ஹெபர்டனுக்குக் கருவியாக இருந்தது செவி ஒன்றே. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவுண்ட பின்பும், நெஞ்சை நெருக்கும் நோ தோன்றுவதையும், நின்றவுடன் அது நீங்குவதையும் நோயாளர் சொல்லக் கேட்டு அவர் எழுதிவைத்தார். இன்றும் நோ இல்லாத வேளையில் எடுக்கும் மின்வரைவு குற்றமற்றதாகத் தோன்றக்கூடும். அந்நிலையில் நோயைக் காட்டிக்கொடுப்பது நோயாளரின் கூற்றே.

இருதயத் தளர்ச்சியின் அளவைக் குறிக்க நியூயோர்க் இருதயச் சங்கம் 1928இல் வகுத்த நான்கு படிகளும் இவ்வுண்மையையே காட்டும். வழக்கமான வேலையால் இளைப்பு வராதிருத்தல் முதற்படி. வழக்கமான வேலையால் இளைத்தல் இரண்டாம் படி. சிறிய வேலைக்கும் இளைத்தல் மூன்றாம் படி. இருக்கும் இடத்திலேயே இளைத்தல் நான்காம் படி. இப்படிகளை அளக்கும் கருவி யாதுமில்லை. நோயாளரை வினாவி, அவர் தரும் விடைகொண்டே வைத்தியர் படியைக் குறிக்கின்றார். அப்படிக்கேற்பவே மருந்தும் கூட்டப்படும், குறைக்கப்படும். ஆகவே, மூன்றாம் படியில் நிற்பவர் 'பரவாயில்லை' என்று கூறுவாராயின், அவருக்கு முதற்படிக்குரிய மருந்தே கிடைக்கும். அவ்வாறு நேர்வது வைத்தியர் அறியாமையாலன்று, நோயாளர் உணர்த்தாமையால்.

கிளினிக்கு நாளில் நிகழ்வதை நோக்கலாம். விடியற்காலையிலேயே வந்து இலக்கம் எடுத்தல் வேண்டும். வாங்கிலே நெடுநேரம் காத்திருந்து, குருதியமுக்கம் பார்த்து, கிளினிக்குக் கொப்பியுடன் வரிசையில் நகர்ந்து வைத்தியர் முன் அமரும்போது, பின்னே பலர் நிற்கின்றனர். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்னும் வினா எழுகின்றது. 'நல்லம்' என்னும் விடை வருகின்றது. சென்ற மாதத்து மருந்தே மீண்டும் எழுதப்படுகின்றது. வெளியே வந்தபின் மருந்து கொடுக்கும் இடத்து வரிசையில் நின்று, அருகிலிருப்பவரிடம், 'இரவில் படுக்கவே முடியவில்லை. மூச்சு முட்டுகின்றது' என்று நோயாளர் விரிவாகக் கூறுவார். சொல்ல வேண்டிய சொல் சொல்ல வேண்டிய இடத்தைத் தாண்டிப் பத்து அடி தள்ளிப் பிறக்கின்றது.

இது இவ்வூருக்கு மட்டும் உரிய குறையன்று. 1984இல் அமெரிக்க நாட்டில் இரு ஆய்வாளர் வைத்தியர்-நோயாளர் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, நோயாளர் தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி 18 செக்கனிலேயே வைத்தியர் இடைமறித்துப் பேச்சை வேறு வழியில் திருப்பியமை தெரியவந்தது. நீண்டகால நோய்களுக்கு விதிக்கப்படும் மருந்துகளை ஒழுங்காகக் கைக்கொள்வோர் செல்வ நாடுகளிலும் சராசரி நூற்றுக்கு 50 பேரே என உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இடைமறிக்கப்பட்ட பேச்சுக்கும் கைவிடப்பட்ட மருந்துக்கும் இடையே தொடர்பு இல்லையென்று எவரும் எளிதிற் சொல்லிவிட முடியாது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் நன்னூல் நினைவுக்கு வருதல் இயல்பு. வினா அறுவகைப்படும் என்றும் விடை எண்வகைப்படும் என்றும் பவணந்தியார் வகுத்தார். 'மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?' என்று வைத்தியர் கேட்பது உண்மையில் அறியா வினா; தெரியாததைத் தெரிந்துகொள்ளவே அவர் கேட்கின்றார். நோயாளர் செவியிலோ அஃது ஏவல் வினாவாக ஒலிக்கின்றது. 'குடிக்காவிடின் ஏச்சு விழும்' என்று அஞ்சி, 'ஓம்' என நேர்விடை பகர்கின்றார். நன்னூலார் கூறிய எண்வகை விடையுள் உற்றதுரைத்தலும் உறுவது கூறலும் உள்ளன. தனக்கு நேர்ந்ததைச் சொல்வது முன்னையது; நேரவிருப்பதைச் சொல்வது பின்னையது. 'அந்த நீர்க்குளிசையைக் குடித்தேன். தலை சுற்றி விழுந்தேன்' என்பது உற்றதுரைத்தல். 'அதைக் காலையில் குடித்தால் என்னால் தொழிலுக்குப் போக முடியாது' என்பது உறுவது கூறல். இருதய நோயாளர் வாயிலிருந்து வைத்தியருக்கு வேண்டுவன இவ்விரு விடைகளே. இவற்றின் இடத்தை நேர்விடை பிடித்துக்கொள்வதே கேட்டுக்குக் காரணம்.

மௌனத்துக்குக் காரணம் பலவாம். முதலாவது நன்றியுணர்வு. இலங்கையில் அரசினர் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகின்றது. ஏழையும் இருதய சத்திரசிகிச்சை பெற்று மீளும் நாடு இது. இது பெருமைக்குரியது. ஆயினும், 'காசில்லாமல் தருகிறார்கள். அதற்கு மேல் குறை சொல்லலாமா?' என்னும் எண்ணம் நாவைக் கட்டுகின்றது. இலவசம் என்பது பிச்சையன்று. மக்கள் செலுத்தும் வரியினால் நடைபெறுவதே அது. மேலும், இரவில் மூச்சு முட்டுவதைக் கூறுதல் குறைகூறலும் அன்று. வைத்தியரின் வேலைக்கு வேண்டிய மூலப்பொருளைக் கொடுத்தலே அது. இரண்டாவது அச்சம். ஒருமுறை ஏச்சு வாங்கியவர் மறுமுறை உண்மை சொல்லத் துணிவதில்லை. மூன்றாவது, வந்தேறியவர் என்னும் கூச்சம். ஊரிழந்து வந்து, நிவாரணத்துக்கும் பதிவுக்கும் வரிசையில் நின்று பழகிய ஒரு தலைமுறைக்கு, அரசினர் மேசை முன் குரல் உயர்த்தாமை உடலோடு ஒட்டிய பழக்கமாகிவிடுதல் வியப்பன்று.

நான்காவது மொழி. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் இலங்கையின் அரசகரும மொழியாயிற்று. எனினும் வைத்தியர் சிங்களமும் நோயாளர் தமிழும் பேசும் மேசையில் சட்டம் வந்து மொழிபெயர்ப்பதில்லை. 'கொஹொமத?' என்னும் வினாவுக்கு 'ஹொந்தாய்' என்னும் ஒரு சொல்லே நோயாளர் அறிந்த சிங்களமாயின், அவர் நலமாக இருப்பதாகவே கொப்பியில் பதிவாகும். இருவரும் தமிழ் பேசுமிடத்தும் இடர் உண்டு. ஊரார் நெஞ்சில் எழும் நோவை 'வாய்வு' என்பர்; இளைப்பைக் 'களை' என்பர். வாய்வு என்று சொல்லப்பட்ட நோவு வாய்வாகவே கருதப்படின் வரும் தீங்கு பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார். வைத்தியம் மக்கள் மொழியில் நடைபெறல் வேண்டும் என்னும் அவர்தம் கொள்கை இன்றும் பழமைப்பட்டதன்று.

இனி, மௌனத்தால் விளையும் தீங்கைக் கடற்கரை வாழ்வினின்றே எடுத்துக்காட்டலாம். இருதயம் தளர்ந்தவர்க்கு வைத்தியர் முதலிற் சொல்வது உப்பைக் குறைத்தல். உப்பு உடலில் நீரைத் தேக்கும். தேங்கிய நீர் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுமுட்டாகவும் மாறும். உடல்நலமுள்ளோருக்கும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. 'சரி' என்று தலையசைத்து வரும் தில்லையடி நோயாளர் வீட்டில் கறியாவது கருவாடு. அவர் கறியில் உப்பைக் குறைத்துவிட்டதாகவே நம்புகின்றார். கருவாட்டினுள் இருக்கும் உப்பை எண்ணுவதில்லை. வைத்தியரோ கருவாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. 'எங்கள் வீட்டில் கிழமையில் நாலைந்து நாள் கருவாடுதான்' என்று நோயாளர் ஒரு வாக்கியம் கூறுவாராயின், மருந்து கூட்டுவதற்குப் பதிலாக உணவு மாற்றம் பற்றிய பேச்சு எழும். பச்சைமீன் கிடைக்கும் கரையில் அம்மாற்றம் அரிதும் அன்று.

களப்பில் தோணி செலுத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் குளிசையைக் காலையில் குடிக்குமாறு அவருக்குக் கூறப்பட்டது. அதனைக் குடித்தபின் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அடிக்கடி சிறுநீர் கழியும். தோணியில் பிறருடன் இருக்கும் அவர் தொழில் நாட்களில் குளிசையை விட்டுவிடுகின்றார். கிளினிக்கில் கேட்டால் குடிப்பதாகவே கூறுகின்றார். வீக்கம் குறையாமை கண்ட வைத்தியர் அளவை இரட்டிப்பாக்குகின்றார். தொழிலில்லாத நாளில் அவ்விரட்டைக் குளிசையைக் குடித்தவர், குருதியமுக்கம் தாழ்ந்து மயங்குகின்றார். கரை திரும்பிய பின் பிற்பகலில் குடிக்கலாமா என்று முன்னமே கேட்டிருப்பின் பெரும்பாலும் அவ்வாறே நேரம் மாற்றப்பட்டிருக்கும். நோன்பு மாதத்திலும் இதுவே நிகழ்கின்றது. நோயுற்றோர்க்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது இஸ்லாமிய மார்க்க விதி. எனினும் நோன்பு நோற்கவே விரும்புவோர் பலர், மூன்று வேளைக் குளிசைகளை யாரிடமும் கேளாது தாமே இரு வேளைக்குள் அடக்கிவிடுகின்றனர். நோன்புக்கு முந்திய கிளினிக்கிலேயே இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

மருந்தினாலேயே எழும் தொல்லைகளும் சொல்லப்படாது போகின்றன. எனலபிரில் முதலிய மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். அவர் அதனைத் தனி நோயாகக் கருதிக் கடையில் இருமல் பாணி வாங்கிக் குடித்துவருவார். இருமலைச் சொன்னால் லொசாட்டன் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம் என்பதை அறியார். முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபினாக் போன்ற நோநீக்கிகள் உடலில் நீரைத் தேக்கித் தளர்ந்த இருதயத்தை மேலும் தளர்த்தும். குருதி உறையாமல் தடுக்கும் வார்பரின் உட்கொள்வோர், வீட்டில் காய்ச்சும் மூலிகைக் கஷாயத்தையும் சொல்லியே ஆகவேண்டும். மருந்தின் வேகம் அதனாற் கூடவோ குறையவோ கூடும். நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் மருந்தைக் கொண்டிருப்போர், ஆண்மைக் குறைவுக்கென விற்கப்படும் சில குளிசைகளை உட்கொள்ளின் குருதியமுக்கம் உயிராபத்தாக வீழும். வெட்கத்தால் மறைக்கப்படும் இச்செய்தி, கூறப்படின் வைத்தியருக்கு நாணத்தக்கதன்று. நாள்தோறும் கேட்கும் சாதாரணச் செய்தியே.

பெண்களின் நிலை தனியே கருதத்தக்கது. தாயை அழைத்துவரும் மகனே பெரும்பாலும் வைத்தியரிடம் பேசுகின்றான். தாய் அருகே மௌனமாக இருக்கின்றாள். இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கின்றாள், கிணற்றடிக்குப் போய்வர எத்தனை தடவை நிற்கின்றாள் என்பன மகன் அறியாதவை. பெண்களுக்கும் நீரிழிவுடையோர்க்கும் மாரடைப்பு நெஞ்சுநோவின்றிக் களைப்பு, வியர்வை, குமட்டல், தாடை நோவு என்னும் உருவங்களிலும் வரலாம். வால்வு பழுதுற்ற இளம்பெண்ணுக்கோ பேசாமை இரு உயிருக்கு இடராகும். கருவுற்ற காலத்தில் இருதயத்தின் வேலை பெரிதும் கூடுதலாலும், வார்பரின் கருவின் முதல் மாதங்களில் குழந்தைக்குத் தீங்கு செய்தலாலும், கருத்தரிக்க எண்ணும் முன்னரே அவள் வைத்தியரோடு பேசவேண்டும். இலங்கையில் தாய்மார் இறப்பின் முதன்மையான காரணங்களுள் இருதய நோயும் ஒன்று. திருமணப் பேச்சில் நோயை மறைக்கும் குடும்பம், மணத்தின் பின் கிளினிக்குக் கொப்பியையும் மறைக்கின்றது. வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைகள் மூன்று அல்லது நான்கு கிழமைக்கொருமுறை பல ஆண்டுகள் பெறவேண்டிய பென்சிலின் ஊசியை, நோவுக்கு அஞ்சிக் கைவிடுவதும் பெரும்பாலும் சொல்லாமலே நிகழ்கின்றது. 2018இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைத் தடுக்கத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

பேசும் கடமை நோயாளர்க்கு உண்டெனின், கேட்கும் கடமை நிலையத்தாருக்கும் உண்டு. முழுச் சுமையையும் நோயாளர் தோளில் ஏற்றுதல் நீதியன்று. மக்கள் தம் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்ளுதல் அவர்தம் உரிமையும் கடமையுமாம் என 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் கூறிற்று. 2023ஆம் ஆண்டின் உலக நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு, நோயாளர் குரலை ஓங்கச் செய்தலையே உலக சுகாதார நிறுவனம் பொருளாகக் கொண்டது. தமிழறிந்த தாதியர் ஒருவரை மேசையருகில் நிறுத்துதல், காத்திருக்கும் வேளையிலேயே இளைப்பு, வீக்கம், உறக்கம், விட்டுப்போன மருந்து என்னும் நான்கையும் கேட்டுக் கொப்பியில் குறித்தல், உண்மை சொன்னவரை ஏசாதிருத்தல் ஆகியவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் நேர்ந்தது. அத்தகைய வேளையில் வெளியில் வாங்கப் பணமில்லை என்று சொல்ல நாணியவருக்கு மருந்தில்லாத மாதமே மிஞ்சும். சொன்னவருக்கு மலிவான மாற்று மருந்து எழுதப்படவேனும் வழியுண்டு. ஊர்ச் சங்கங்கள் பொது அதிகாரசபைகளிடம் செய்திகளைக் கேட்டறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் துணைநிற்கின்றது.

இனிச் சரகர் கூறிய நான்கு குணங்களையும் இக்கால நடைமுறையில் வைத்துக் காணலாம். நினைவாற்றல் என்பது இன்று ஒரு சிறு கொப்பியாகும். நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், உடலின் எடையை அதில் எழுதிவைத்தல் வேண்டும். மூன்று நாளில் 2 கிலோகிராமுக்கு மேற் கூடுமாயின் அது கொழுப்பன்று, நீர்; அடுத்த கிளினிக்கு வரை காத்திராது உடனே தெரிவித்தல் வேண்டும். விட்ட குளிசைகளையும் கேட்கவேண்டிய இரண்டொரு வினாக்களையும் முதல்நாளே எழுதுதல் நன்று. பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இதற்கு எழுத்தாளர் பஞ்சமில்லை. சொல்வழி நிற்றல் என்பது காரணம் அறிந்து நிற்றலாகும். 'இந்தக் குளிசை எதற்கு? விட்டால் என்ன ஆகும்? எந்தக் குறி கண்டால் உடனே வரவேண்டும்?' என்னும் மூன்று வினாக்களும் அதற்குப் போதும்.

அஞ்சாமை என்பது வைத்தியரோடு வாதிடுதலன்று, முரட்டுத்தனமும் அன்று. பணிவோடு நின்றே, 'ஐயா, சென்ற மாதம் இக்குளிசையைப் பாதி நாள் நான் குடிக்கவில்லை. காரணம் இது' என்று உண்மை கூறுதலே மெய்யான அஞ்சாமை. நோயறியச் செய்தல் என்பது வந்தவுடன் முதல் வாக்கியத்திலேயே முதன்மையானதைச் சொல்லுதல். 'நல்லம்' என்று தொடங்கி எழும்பும்போது, 'இன்னொன்று, டொக்டர்' என்று பெருநோயைச் சொல்லும் வழக்கத்தை மாற்றி, 'இரண்டு கிழமையாகப் படுத்தால் மூச்சு முட்டுகின்றது. எழுந்து இருந்தால் குறைகின்றது' என்று தொடங்கின், சில நிமிடங்களும் போதியனவாகும். நெஞ்சுநோ நின்றாலும் நீங்காது, நாக்கின் கீழ் மருந்து வைத்து ஐந்து நிமிடத்திலும் தணியாதாயின், அது பொறுத்திருக்கும் வேளையன்று. இரவென்றும் அயலாருக்குத் தொந்தரவென்றும் எண்ணாது 1990 என்னும் இலக்கத்துக்கு இலவச அம்புலன்ஸை அழைத்தல் வேண்டும். அவ்வேளையில் வாய் திறத்தலே முதல் மருந்து.

தமிழில் கேட்டல் என்னும் சொல் இருபொருள்பட நிற்கின்றது. செவியால் ஏற்றலும் கேட்டலே. வாயால் வினாவுதலும் கேட்டலே. வைத்தியர் முன் இருக்கும் மேசையின் இருபுறத்துக்கும் இவ்வொரு சொல் பொருந்துகின்றது. நோயாளர் அஞ்சாது கேட்கவும் வைத்தியர் பொறுமையோடு கேட்கவும் கூடுமாயின், தில்லையடியிலிருந்து விடியலில் புறப்பட்டு, நண்பகல் வரை வாங்கில் இருந்து, சில நிமிடம் பேசித் திரும்பும் ஒருவரின் நாள் வீணாகாது. அவர் கையிலுள்ள மருந்துப் பொட்டலம் அவர் நோய்க்கு உரியதாகவே இருக்கும்.